இரவல் படை

முன்னொரு காலத்தில் நொச்சிநாடு என்றொரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். காலையில் ஓர் எல்லையில் புறப்பட்ட மாட்டுவண்டி பொழுது சாய்வதற்குள் மறு எல்லைக்குப் போய்விடும். அதை ஆண்டவன் மாறப்ப பூபதி. காலையில் ஒன்று சொல்வான், சாயங்காலம் வேறொன்று சொல்வான்.

ஒருநாள் பொக்கிஷ அதிகாரி சாரங்கன், "மகாராஜா, இத்தனூண்டு நாட்டுக்குப் படை எதற்கு? தின்றுவிட்டுத் தூங்குகிறார்கள். பக்கத்துப் பெருநாட்டு மன்னர் தம் படையை அனுப்பி நம்மைக் காப்பதாகச் சொல்கிறாரே! மந்திரிக்குத்தான் சண்டை ஆசை" என்றான். மந்திரி அஞ்சனமூர்த்தி மேல் அவனுக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்.

ராஜா படையைக் கலைத்தான். பெருநாட்டுப் படை வந்தது. வந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ராஜா தன் தோட்டத்துக்குப் போனாலும் வாசற்காவலன், "எங்கே போகிறீர்? எங்கள் தளபதியைக் கேட்டீரா?" என்றான். தளபதியோ சிம்மாசனத்தையே நோட்டம் விட ஆரம்பித்தான்.

ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "மந்திரியாரே, நாடு கைவிட்டுப் போகிறதே! இவர்களைத் துரத்த நம்மிடம் ஓர் ஆள்கூட இல்லையே!"

"ஏன் துரத்த வேண்டும்? உபசரிப்போம், மகாராஜா. பெருநாட்டு எல்லையோரம் தரிசு கிடக்கிறதல்லவா? இந்த வீரர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுங்கள். உழ மாடும் கொடுங்கள்."

"ஐயோ, நாட்டையே தூக்கிக் கொடுக்கிறாரே!" என்று சாரங்கன் குதித்தான். வேறு வழி தெரியாத ராஜா முத்திரை வைத்தான்.

பாவம், சொந்தமாக ஒரு சாண் மண் கண்டறியாத வீரர்கள். ஈட்டியைச் சாத்திவிட்டு ஏர் பிடித்தார்கள். தளபதி கொம்பு ஊதினால், "நாற்று வாடுதுங்க, நாளைக்கு வர்றோம்" என்றார்கள். செய்தி பெருநாட்டுக்கு எட்டியது. அங்கிருந்த வீரர்களும், "எங்களையும் நொச்சிநாட்டுக் காவலுக்கு அனுப்புங்கள்" என்று நச்சரிக்கத் தொடங்கினார்கள். பதறிப்போன மன்னன், "மிச்சமிருக்கும் படையோடு உடனே திரும்பி வா!" என்று தளபதிக்கு ஆள் விட்டான். தளபதியோடு பாதிப் பேர்தான் போனார்கள்.

"மீதிப் பேர் இங்கேயே இருக்கிறார்களே!" என்றான் ராஜா.

"இனி அவர்கள்தான் நம் படை. பெருநாட்டான் திரும்பி வந்தால் அவர்கள் வயலை மிதித்துக்கொண்டுதான் வரவேண்டும். விடுவார்களா?"

"அப்படியென்றால் சின்ன நாட்டுக்கும் படை வேண்டும் என்கிறீரா?"

"எத்தனை பேர் என்பதைப் பேசிக்கொள்ளலாம். இரவல் மட்டும் வேண்டாம், மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். பிறகு சாரங்கன் பக்கம் திரும்பினான். "அறுவடை முடியும்வரை அவர்களுக்கு நேரமிருக்காது. அதுவரை ஈட்டியோடு எல்லையில் நீர் நில்லும்."

சாரங்கன் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தான். "யாராவது வந்துவிட்டால் நான் ஒண்டியாக என்ன செய்வேன், மகாராஜா?"

"இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்கலாமே" என்றான் ராஜா.