ஆமை பேசாத பக்கம்

நாடக மேடையில் கலியமூர்த்தி அழுதால், கடைசி வரிசையில் கடலை கொறிக்கிறவன்கூடக் கொறிப்பதை நிறுத்திவிடுவான். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது டி.வி. ஸ்டுடியோவில் ஒரு பலகை மேடைக்கு அடியில் குந்தியிருந்தார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு துணி ஆமையை நடத்திக்கொண்டிருந்தார்.

குழந்தைகளுக்கான பொம்மைத் தொடர் அது. அந்தக் காலத்துப் படக்கதைப் புத்தகங்களை எடுத்து, வாரத்துக்கு ஒரு கதையாகக் காட்டுகிறார்கள். இந்த வாரம் ஆமைக் கதை. ஊர் சுற்றப் போன ஆமை வீடு திரும்புகிறது. அது குடியிருந்த குளம் வற்றிக் கிடக்கிறது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. ஆமை நிற்கும், குளம் கிடக்கும், அவ்வளவுதான்.

அங்கேதான் வந்தது வினை.

"கட். ஆமைக்கு என்ன, குளிர் ஜுரமா?" என்றார் டைரக்டர் நௌஷாத் ஒலிபெருக்கியில்.

கலியமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னத்தில் வழிந்தது நிஜக் கண்ணீர். ஆனால் மேடைக்கு அடியில் இருக்கிற முகத்தை எவன் பார்த்தான்? கேமராவுக்குத் தெரிந்தது ஆமை மட்டும். அதுவோ அவருடைய தேம்பலில் வெடவெடவென்று ஆடியிருக்கிறது.

அடுத்த தடவை ஆமையின் தலையைத் தொங்கப்போட்டார். "தூங்குதுண்ணே" என்றார் டைரக்டர். அண்ணாந்து பார்க்கவைத்தார். "விளக்குல பல்லி இருக்கா?" என்றார். கதை வசனம் எழுதியவர் வந்து, "சோகமா இருக்கணும், ஆனா நம்பிக்கையும் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொம்மை தைத்தவர் எட்டிப் பார்த்து, "கண்ணு ரெண்டும் பட்டன் சார், மூடாது" என்றார். கலியமூர்த்திக்குத் தலை கிறுகிறுத்தது.

"டீ பிரேக். வந்ததும் கடைசியா ஒரு டேக். சரியா வரலைன்னா ஆமையை வேற கைக்கு மாத்திடலாம். மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றார் டைரக்டர்.

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? அவர் நாடகக் கம்பெனி முதலாளியோடு மல்லுக்கு நின்றுவிட்டு வந்தவர். இந்த ஆமையும் போனால் கூப்பிட ஆளில்லை.

பொம்மை மாஸ்டர் எஸ்தரைத் தேடிப் போனார். சண்டைக்கு ஒரு மாஸ்டர், டான்ஸுக்கு ஒரு மாஸ்டர் மாதிரி பொம்மைக்கு அவள் மாஸ்டர். கலியமூர்த்தியின் மகளைவிட இளையவள். முதல் நாள் அவர் வெற்றிலை பாக்கு பழம் வைத்து வித்தை கேட்டபோது, அவள்தான் கூச்சத்தில் நெளிந்தாள்.

"மாஸ்டர், அந்த இடத்துல ஆமைக்கு என்னதான் உணர்ச்சி?"

"தெரியலையேண்ணே."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

எஸ்தர் டீயை ஊதிக் குடித்தாள். "பிஸ்கட் எடுத்துக்குங்க" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் பொழைப்பு போகப்போகுது, நீங்க பிஸ்கட் குடுக்கறீங்க. அழவா, ஏங்கவா, திகைச்சு நிக்கவா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, பண்ணித் தொலைக்கிறேன்."

"மூணையும் நல்லாத்தான் பண்றீங்க. அதான் பயமா இருக்கு."

இது பாராட்டா, திட்டா? அவருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

மறுபடி மேடைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை எஸ்தரும் பக்கத்தில் நுழைந்துகொண்டாள். எதற்கு வருகிறாள் என்றும் புரியவில்லை. கேட்பதற்குள் "ஆக்‌ஷன்" என்று சத்தம் வந்துவிட்டது.

ஆமை நடந்தது. அந்தத் தத்தக்கா பித்தக்கா நடை அவள் சொல்லிக்கொடுத்தது, அதில் குறை சொல்ல முடியாது. குளக்கரைக்கு வந்தது. முகத்தைக் குளத்தின் பக்கம் திருப்பியது. கலியமூர்த்தி அழுகையைத் தொடங்க மூச்சை இழுத்தார்.

எஸ்தர் அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தாள்.

"விடுங்க மாஸ்டர்."

அவள் விடவில்லை. உதறப் பார்த்தார், அசைக்க முடியவில்லை. கேமரா பார்ப்பதைக் காட்ட எதிரே வைத்திருந்த சின்ன டி.வி.யில் ஆமை நின்றது, குளம் கிடந்தது. அவருடைய தோள் கடுத்தது, நெற்றியில் வேர்த்தது. மானம் போயிற்று என்று நினைத்தார். இதோ இப்போது டைரக்டர் கத்துவார், இதோ இப்போது. ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெளியே நடமாடிக்கொண்டிருந்தவர்களின் செருப்புச் சத்தமும் நின்றுவிட்டது.

இசையும் குரலும் பிறகுதான் சேர்ப்பார்கள் என்பதால் பேசத் தடையில்லை. இருந்தும் அவர் கிசுகிசுத்தார்.

"மாஸ்டர், நான் ஒண்ணுமே பண்ணலையே."

"ஆமாண்ணே."

"அப்புறம் ஏன் டைரக்டர் இன்னும் கட் சொல்லலை?"

எஸ்தர் பிடியைத் தளர்த்தாமல் சொன்னாள். "அவரும் சின்னப் பிள்ளையில இந்தப் புத்தகத்தைப் பாத்தவர்தானேண்ணே. இன்னும் பக்கத்தைத் திருப்பலை."