தேதி போடாத ராஜினாமா

தைவான் தீவில் ராஜா கிடையாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஒரு ஜனாதிபதியை உட்கார வைப்பார்கள். நம் கதையில் வரும் ஜனாதிபதிக்கு, உட்கார்ந்த மறுநாளே ராஜா மாதிரி இருந்து பார்க்க ஆசை வந்துவிட்டது.

அவருடைய துணைப் பிரதமர் ஃபான் யுன்-ஹாய். சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஹக்கா இனத்துக்காரர். தேயிலை மலையில் பிறந்து, வாத்தியாராகி, கவுன்சிலராகி, மேயராகி, மந்திரியாகி, இந்த நாற்காலிக்கு வர நாற்பது வருஷம் பிடித்தது. அதற்குள் மூன்று ஜனாதிபதிகள் வந்து போய்விட்டார்கள். ஃபான் போகவில்லை.

தலைமைச் செயலாளர் கோ மிங்-தே வெகுநாளாக அந்த நாற்காலிக்குக் குறிவைத்திருந்தார். ஒருநாள் ஜனாதிபதியின் காதில் ஓதினார்.

"எல்லா மந்திரிகளிடமும் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாரைப் பிடிக்கவில்லையோ, அவர் கடிதத்தில் தேதி போட்டால் போதும். முதலில் ஃபானிடம் வாங்குங்கள்."

ஜனாதிபதிக்கு இனித்தது. உத்தரவு போட்டார்.

மலைப் பள்ளிகளில் ஹக்கா மொழி சொல்லித்தரும் மசோதா அடுத்த மாதம் சபைக்கு வர இருந்தது. முப்பது வருஷ உழைப்பு. ஃபான் போனால் அதுவும் போய்விடும். யோசித்தார். எழுதினார். உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஃபான் ஜனாதிபதியின் அறைக்குள் நுழைந்ததுமே கோ ஆரம்பித்தார்.

"ஹக்கா என்றால் விருந்தாளிக் குடும்பம் என்றுதானே அர்த்தம்? விருந்தாளிக்குக் கிளம்பும் நேரம் தெரிய வேண்டாமா?"

"தெரியும், செயலாளரே. நாங்கள் வந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் டீ வரவில்லை. வந்ததும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்."

ஜனாதிபதி உறையைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

"'மதிப்பிற்குரிய ஐயா, நேற்று நீங்கள் எடுத்த முடிவு தவறு என்று உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. நான் சொன்னது சரி என்று இன்று நாட்டுக்கே தெரிந்துவிட்டது. ஆகவே விலகுகிறேன். நகல்: எல்லாப் பத்திரிகைகளுக்கும்.'"

படித்ததை இன்னொரு முறை மனசுக்குள் படித்தார்.

"நேற்று நான் என்ன முடிவு எடுத்தேன்?" என்றார் ஜனாதிபதி.

"எனக்கு எப்படித் தெரியும், ஐயா? தேதி நீங்கள்தானே போடப் போகிறீர்கள்."

"பொதுவாக நாலு வரி எழுதக் கூடாதா?"

"பொதுவாகத்தான் எழுதியிருக்கிறேன். எந்தத் தேதி போட்டாலும் பொருந்தும்."

ஜனாதிபதி செயலாளரைப் பார்த்தார். ஃபானைப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

"உங்களுக்கு என்ன வேண்டும், கேளுங்கள்."

"அடுத்த மாத மசோதாவுக்கு உங்கள் ஆதரவு."

"தந்தேன். ஆமாம், இந்த முடிவையும் தவறு என்று எழுதுவீர்களோ?"

"எனக்கு அந்த வேலை இல்லை, ஐயா," என்றார் ஃபான். "செயலாளர் இப்போதே பேனாவைத் திறந்துவிட்டார்."