நூற்று நாற்பத்து மூன்றாம் கேள்வி

ராசிபுரத்தில் ஒரு நீட் பயிற்சி மையம். அங்கே முன்தேர்வில் எழுநூற்றிருபதுக்கு எழுநூற்றிருபதும் எடுக்கும் ஒருவருக்கு ஓராண்டுப் பயிற்சி இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். எடுத்தவன் தருண், மைய இயக்குநர் குலசேகரனின் அக்கா மகன். அரசுப் பள்ளியில் படித்த செம்மலருக்கு எழுநூற்றுப் பதினைந்து. இந்த இடம் போனால் அவளுக்கு வேறு பயிற்சி கிடையாது. பரிசளிப்பு மேடைக்கே ஏறிவிட்டாள்.

"சார், எனக்கு எந்தக் கேள்வி தப்பு?"

"நூத்தி நாப்பத்தி மூணு. ஒரு தப்புன்னாலும் தப்புதாம்மா. கீழ இறங்கு."

செம்மலர் இறங்கவில்லை. வினாத்தாளைப் பிரித்து மைக்கிலேயே படித்தாள். "மனித இதயத்தில் எத்தனை அறைகள்? நாலுன்னு போட்டேன் சார்."

அரங்கம் சிரித்தது. குலசேகரன் விடைக்குறிப்பைப் பார்த்தார். மூன்று என்று இருந்தது.

"அச்சுப் பிழை," என்றார். "சரி, நாலுன்னு போட்ட எல்லாருக்கும் அஞ்சு மார்க் கூட்டிக்கலாம். உனக்கும் முழு மார்க்தான், போதுமா? ஆனா இடம் ஒண்ணுதான். தருண் முன்னாடியே வாங்கிட்டான்."

"அதான் சார் கேக்கறேன். நாங்க இருநூறு பேரும் நாலுன்னு போட்டு மார்க்கை விட்டோம். தருண் மட்டும் எப்படி மூணுன்னு போட்டான்? அந்த மூணு உங்க விடைக்குறிப்பைத் தவிர வேற எங்கயும் இல்லையே?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தருண் தலையைக் குனிந்துகொண்டான். குலசேகரன் மைக்கை அணைத்தார்.

மைக் இல்லாமலே செம்மலரின் குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

"சேர்க்கைப் படிவம் எங்க சார் வாங்கணும்?"