பெட்ரோல் ஊற்றும் இடம்

மில் முதலாளி திருமூர்த்தியின் 1956 செவர்லே காரை அக்கக்காகப் பிரித்து, டிஸ்க் பிரேக் மாட்டி ஓடவிட்டவன் மெக்கானிக் ராயப்பன். பழைய கார் கண்காட்சிப் போட்டிக்குப் புறப்படும்போது, கையில் பொட்டு கிரீஸ் படாத முதலாளி சொன்னார்: "எல்லாம் நானே செஞ்சதுன்னு சொல்லப்போறேன். யார் கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ துடைக்கிற ஆளு. மீறினா வேலை போயிரும்."

"சரிங்க மொதலாளி."

முதலாளி அளந்த கதையில் நடுவர் சொக்கிப்போனார். "பரிசு உங்களுக்குத்தான். பெட்ரோல் ஊத்தி ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க" என்று கேனை நீட்டினார்.

முதலாளி கேனோடு காரை மூன்று தரம் சுற்றினார். பெட்ரோல் டேங்க் மூடியைக் காணோம். "டேய், எங்கடா ஊத்தறது?"

"எனக்கென்னங்க தெரியும், நான் துடைக்கிற ஆளு" என்று நடுவருக்கும் கேட்கும்படி சொன்னான் ராயப்பன், மூடியை மறைத்திருந்த இடது பின்விளக்கைப் பளபளவென்று துடைத்தபடி.