கஞ்சிக் கரடியும் பழக்கிண்ண அணிலும்

நாவல் குளத்தின் கரையில் சடையன் என்றொரு கரடி இருந்தது. குளத்தை ஒட்டிக் குடை விரித்ததுபோல ஒரு பெரிய பாறை. அதன் அடியில்தான் சடையனின் அடுப்பு. விடிந்ததும் அங்கே தினைக் கஞ்சி கொதிக்கும். மேய்ச்சலுக்குப் போகும் மிருகங்கள் எல்லாம் ஒரு தொன்னை கஞ்சி குடித்துவிட்டுத்தான் போகும்.

கஞ்சி நல்ல கஞ்சி. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. தினையை ஊறவைத்து, நிதானமாக வேகவைத்து, இறக்கும்போது மலைத்தேன் விடும். என்ன, வேக நேரம் ஆகும். மிருகங்கள் காத்திருக்கும். காத்திருந்து குடித்துவிட்டு, "சடையன் கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று சொல்லிவிட்டுப் போகும். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகத்தான் சடையன் விடியுமுன்னே எழும்.

ஒரு கோடையில் பக்கத்து மலையில் காட்டுத்தீ பிடித்தது. அங்கிருந்து செவந்தி என்ற மலையணில் தப்பி வந்து குளத்தின் எதிர்க்கரையில் குடியேறியது. ஓர் இலுப்பை மரத்தடியில் அதுவும் அடுப்பு மூட்டியது.

செவந்தி செய்தது வேறு பலகாரம். கொம்பாயி என்ற எருமையிடம் பால் வாங்கும். பால் பொங்கி வரும்போது காட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழியும். பால் திரிந்து, வெள்ளைத் திரள் வேறு, தண்ணீர் வேறு என்று பிரிந்துவிடும். அதைத் தென்னம்பன்னாடையில் வடிகட்டி, புளிப்புப் போக ஊற்றுத் தண்ணீரில் அலசி, லேசாகப் பிழியும். பட்டணத்தில் இதைப் பனீர் என்பார்கள். குளத்தங்கரையில் பால்திரள் என்றார்கள். பால்திரளைத் தொன்னையில் வைத்து, மேலே வாழைப்பழம், அன்னாசி, மாதுளை என்று அன்றைக்குக் கிடைத்த பழத்தைப் போட்டு, பழக்கிண்ணம் என்று கொடுக்கும். அவ்வளவுதான். மான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் காலை உணவு தயார்!

"வயிறு நிறையுது, ஆனா கனக்கலை! ஓடுறதுக்குத் தோதா இருக்கு!" என்றது மான்.

"காத்திருக்கவும் வேண்டாம், நாக்கைச் சுட்டுக்கவும் வேண்டாம்!" என்றது தாவன் என்ற குரங்கு.

மிருகங்கள் ஒவ்வொன்றாக எதிர்க்கரைக்கு நகர்ந்தன. சடையன் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தது.

"அதோ போறான் பாரு முயல்! போன மழையில காய்ச்சலாக் கிடந்தப்ப யாரு கஞ்சி கொடுத்தது? அதோ அந்த மான்! கால்ல முள்ளு ஏறி நொண்டினப்ப படுத்த இடத்துக்கே கஞ்சி கொண்டுபோனது யாரு? இன்னிக்கு அந்த அணிலு பெரிசாப் போச்சு!" என்று கரண்டியிடம் சொல்லிக்கொண்டது.

கஞ்சி அடிப்பிடித்தது.

நன்றி மறப்பவர்கள் எல்லாக் குளத்தங்கரையிலும் உண்டு. சடையன் சொன்னதில் அந்த மட்டில் பொய் இல்லை. ஆனால் அவை மறந்ததுகூடச் சடையனுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. செவந்தியை அவை புகழ்ந்ததுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஒருநாள் செவந்தியே ஒரு தொன்னையை ஏந்திக்கொண்டு பாறைக்கு வந்தது.

"அண்ணே, சாப்பிட்டுப் பாருங்க. மேல உங்க தேன் கொஞ்சம் விட்டா இன்னும் ருசியா இருக்கும். தேன் சடையண்ணன் கொடுத்ததுன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"என் தேனுல உனக்குப் பேரு வேணுமா? தொன்னையை எடுத்துட்டுப் போ!"

செவந்தி தொன்னையை வைத்துவிட்டுப் போயிற்று. சடையன் அதைத் தொடவில்லை. மோந்து மட்டும் பார்த்தது. வாசனை நன்றாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் குரங்கைக் கூப்பிட்டது. தாவன் காதில் விழுந்தது எதுவும் தாவனோடு நிற்காது என்று சடையனுக்குத் தெரியும்.

"டேய் தாவா, பால் திரிஞ்சுபோனா என்னடா செய்வாங்க?"

"கொட்டிடுவாங்க மாமா."

"கொட்ட வேண்டிய அந்தப் பாலைத்தான் நீங்க எல்லாம் நக்கிட்டு வர்றீங்க! அவ கெட்ட பாலைப் பழம் போட்டு மறைக்கிறா. வயித்தால போனா என்கிட்ட வராதே!"

தாவன் கிளைக்குக் கிளை தாவிச் சொன்னது. அடுத்த நாள் காலையில் இலுப்பை மரத்தடி வெறிச்சோடிக் கிடந்தது. சடையன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கஞ்சி ஊற்றியது.

ஆனால் செய்தி எருமையின் காதுக்கும் போய்விட்டது. கொம்பாயி சேற்றிலிருந்து எழுந்து நேராகப் பாறைக்கு வந்தது.

"யாருடா என் பாலைக் கெட்ட பாலுன்னது? என் கன்னு குடிச்சு வளர்ந்த பாலுடா அது! இப்பவே கறக்கிறேன். எல்லாரும் வாங்க. என் கண்ணு முன்னால காய்ச்சட்டும்!"

கொம்பாயி கோபமாக இருக்கும்போது மறுத்துப் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. எல்லா மிருகங்களும் இலுப்பை மரத்தடியில் கூடின. செவந்தி அப்போது கறந்த பாலைக் காய்ச்சியது. பொங்கும்போது எலுமிச்சை பிழிந்தது.

"தானாத் திரிஞ்சா அது கெட்ட பால். நாத்தம் அடிக்கும். இதை நான்தான் திரிய வச்சேன். மோந்து பாருங்க!" என்றது.

மான் மோந்தது. முயல் மோந்தது. பிறகு எல்லாமே தொன்னையை நீட்டின. அதுவரை செவந்தியின் பக்கம் வராத முள்ளம்பன்றியும் அன்றைக்குத் தின்று பார்த்து, "அடடா!" என்றது. சடையன் கிளப்பிவிட்ட புரளியால் செவந்திக்கு இன்னும் கூட்டம் சேர்ந்துபோயிற்று.

இப்படியே கோடை முடிந்தது. மலை உச்சியில் கருமேகம் கட்டியது. குளத்துக்குப் பெரியவளான யானை எல்லாரையும் கூட்டியது. அதை எல்லாரும் பெரியம்மா என்பார்கள்.

"அடைமழை வரப்போகுது. இலுப்பை மரத்தடியில அடுப்பு நிக்காது. நனையாத இடம் இந்தப் பாறை ஒண்ணுதான். இதுல ஒரு அடுப்புக்குத்தான் இடம் இருக்கு. நாளன்னிக்குக் காலையில ரெண்டு பேரும் ஆக்கிப் போடுங்க. சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன். ஒருத்தர் இங்கே இருக்கட்டும். இன்னொருத்தர் மழை விடற வரைக்கும் மேட்டுக் குகைக்குப் போகட்டும்."

பிறந்ததிலிருந்து அந்தப் பாறைதான் சடையனுக்கு வீடு. மேட்டுக் குகை இருட்டும் ஈரமுமான இடம். அங்கே போனால் பேச்சுத்துணைக்கு வௌவால்தான்.

தாவன் பக்கத்தில் வந்து சொன்னது. "ஏன் மாமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? மழைக்குச் சுடச்சுட உங்க கஞ்சிதான் இழுக்கும். வழக்கம்போல ஆக்குங்க, போதும்!"

"போடா! எல்லாரும் அவ கிண்ணத்துக்குத்தானே அலையுறீங்க? அவ பண்றதையே அவளைவிட நல்லாப் பண்ணிக் காட்டறேன். அவ மூஞ்சி எப்படிச் சுருங்குதுன்னு பாரு!"

சடையனுக்குப் பாறை வேண்டும். ஆனால் அதைவிட, செவந்தி தோற்க வேண்டும். அதுவும் தன் கிண்ணத்தாலேயே தோற்க வேண்டும்.

மறுநாள் விடியும்போது சடையன் எதிர்க்கரைப் புதருக்குள் ஒளிந்துகொண்டது. செவந்தி பால் காய்ச்சியதைப் பார்த்தது. எலுமிச்சை பிழிந்ததைப் பார்த்தது. பன்னாடையில் வடித்ததை, அலசியதை, பிழிந்ததை எல்லாம் பார்த்தது. பழங்கள் ஓர் இலையில் முழுசாகக் குவிந்திருந்தன. அதற்குள் மிருகங்கள் வந்து உட்கார ஆரம்பித்தன.

"வாசனையே ஆளை இழுக்குதே!" என்றது மான்.

"செவந்தி அக்கா வந்ததுக்கப்புறம்தான் காலைச் சாப்பாடே சாப்பாடு!" என்றது முயல்.

சடையனால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டது. 'பழத்தை நறுக்கிப் போடறதுல என்ன பெரிய வித்தை இருக்கு?' என்று நினைத்துப் புதரை விட்டு நடையைக் கட்டியது.

அன்று சாயங்காலமே கொம்பாயியிடம் போய்ப் பால் கேட்டது.

"கெட்ட பாலு உனக்கு எதுக்குடா?" என்றது எருமை.

சடையன் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"உன்னை மாதிரி மனசுல வச்சிக்க எனக்குத் தெரியாது. சட்டியை இப்படி வை!" என்று கொம்பாயி பால் கொடுத்தது.

சடையன் பாலைத் திரியவைத்தது. வடித்தது. அலசியது. திரள் வெள்ளை வெளேர் என்று வந்தது. "அவ காலையில எழுந்து அடுப்பு மூட்டறதுக்குள்ள நான் பரிமாறியே முடிச்சிடணும்!" என்று சொல்லிக்கொண்டே, அன்னாசியை எல்லாம் நறுக்கித் திரளோடு கொட்டிப் பிசைந்தது. பப்பாளியும் போட்டது. இருந்த தேனையும் மொத்தமாக விட்டது. சட்டியை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது. தினை ஊறவைக்கவில்லை.

காலையில் மழை பிடித்துக்கொண்டது. மிருகங்கள் நனைந்து நடுங்கிக்கொண்டு பாறைக்கடியில் வந்து ஒண்டின. செவந்தி பாறையின் விளிம்பில், சாரலை மறைத்துக்கொண்டு, அப்போதுதான் சுள்ளி பற்றவைத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் அடுப்பே பத்தலை போல!" என்று சடையன் சிரித்தது. சட்டியைத் திறந்து எல்லாத் தொன்னைகளிலும் தாராளமாக வைத்தது. "சாப்பிடுங்க! சாப்பிட்டுட்டு யாரு கை உசத்தின்னு சொல்லுங்க!"

யானை ஒரு வாய் போட்டது. மெல்லுவதை நிறுத்தியது.

தாவன் துப்பியது. "ஐயோ மாமா, கசக்குதே! வேப்பங்காயைப் போட்டீங்களா?"

"பொய்! அவளுக்கு வக்காலத்து வாங்காதே!" என்று கத்திய சடையன் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டது. முழுங்க முடியவில்லை. நாக்கின் அடிவரை கசந்தது. திரளும் கொழகொழவென்று இளகிப்போயிருந்தது.

"யாரோ ராத்திரி வந்து எதையோ கலந்துட்டாங்க! இவதான்! இந்த அணிலுதான்!"

செவந்தி சுள்ளியைக் கீழே வைத்தது. "அண்ணே, அன்னாசியை எப்பக் கலந்தீங்க?"

"நேத்துச் சாயங்காலமே! உனக்கு முந்தி!"

"அதான் அண்ணே. அன்னாசியும் பப்பாளியும் பாலோட கிடந்தா கசந்துடும். அதனாலதான் சாப்பிடறவங்க உக்காந்ததுக்கு அப்புறமா நறுக்கிப் போடறேன். இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லை. தினமும் எல்லார் கண்ணு முன்னாலயும்தானே நறுக்கறேன்."

"ஆமா, நாங்க தினமும் பார்க்கிறோமே!" என்று முயல் சொல்ல, எல்லாம் சிரித்தன.

சடையன் காதைப் பொத்திக்கொண்டு புதரை விட்டுப் போனது, பழம் நறுக்குவதற்குச் சற்று முன்னால்தான்.

யானை தும்பிக்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது. "சடையா, கஞ்சி எங்கே?"

"ஆக்கலை பெரியம்மா."

"ஆக்கலையா? இந்தக் குளிர்ல நாங்க எல்லாம் எதுக்குடா நனைஞ்சுக்கிட்டு வந்தோம்? ஒரு வாய் கஞ்சி ஊத்தியிருந்தா பாறை உனக்குத்தான்னு சொல்லியிருப்பேன். நேத்தே மனசுல முடிவு பண்ணிட்டேன். இப்ப உன் அடுப்புல நெருப்பும் இல்லை, சட்டியில கஞ்சியும் இல்லை. நான் என்னத்தைச் சொல்றது?"

செவந்தி அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சியது. பாறை செவந்திக்கு என்று முடிவாயிற்று.

"அண்ணே, இங்கேயே ஒரு ஓரமா இருங்களேன். நான் பாலைக் காய்ச்சுறேன், நீங்க..." என்று செவந்தி ஆரம்பித்தது.

"உன் தயவு எனக்கு வேண்டாம்!"

கசந்த சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சடையன் மழையில் இறங்கி நடந்தது. மேட்டுக் குகைக்குப் போகும் வழி முழுவதும், அன்றைக்கு யார் யார் சிரித்தார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டே ஏறியது.

அடுத்தவர் வாங்கும் நல்ல பெயரைப் பார்த்து வயிறு எரிகிறவர், தாம் வாங்கி வைத்திருந்த நல்ல பெயரையும் தம் கையாலேயே கெடுத்துக்கொள்வார்.