கிட்டின் கழுத்துப் பட்டை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் அரை மனதோடுதான் நம்பினேன். சொன்னது என் மேசைமேல் இருக்கும் தடித்த ஆங்கில அகராதி. எந்தச் சொல் எங்கே பிறந்தது, யாரோடு வந்தது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. பொறாமையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அதன் குரல் கொஞ்சம் இறுகியது.

ஒரு காலத்தில் ஆங்கில நாட்டில் கிட் என்ற சொல் ஆட்டுக் கொட்டிலில் வாழ்ந்தது. வடகடல் தாண்டி வந்தவர்களோடு படகில் வந்திறங்கிய சொல் அது. ஆட்டுக்குட்டி என்பதுதான் அதன் பொருள். மனிதக் குழந்தையைக் குறிக்கும் பொறுப்பு சைல்ட் என்ற மூத்த சொல்லிடம் இருந்தது. சைல்ட் வீட்டுக்குள் வாழ்ந்தது.

ஒரு மாலை, ஆக்னஸ் என்பவளின் மகன் ராபின் வேலியைத் தாண்டித் துள்ளி ஓடினான். பார்த்துச் சிரித்தவள் தன்னை அறியாமல் அவனைக் கிட் என்று அழைத்துவிட்டாள். பையனுக்கும் அது பிடித்துப்போயிற்று. மறுநாளும் அப்படியே கூப்பிட்டாள்.

சைல்டுக்கு வயிறு எரிந்தது.

"இங்கே உனக்கு என்னடா வேலை? வீடு முழுக்க ஆட்டுப் புழுக்கை வாடை."

"நானா வரலைண்ணே. அந்தம்மா கூப்பிட்டாங்க."

அந்தப் பதில்தான் சைல்டை அதிகமாகச் சுட்டது. இப்படியே போனால் ஆக்னஸ் தன்னை மறந்துவிடுவாள் என்று அகராதியிடம் போய் முறையிட்டது. அப்போது சொற்களுக்கெல்லாம் காவல் அகராதிதான். அது கிட்டை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. 'கொச்சை' என்று எழுதிய பட்டையை அதன் கழுத்தில் கட்டிவிட்டது. கிட் அந்தப் பட்டையோடேயே, கூப்பிட்டபோதெல்லாம் வீட்டுக்குள் ஓடியது.

குளிர்காலத்தில் ராபினுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆக்னஸ் அழுதாள். என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சும்போது அவள் அழைத்தது சைல்டைத்தான். கிட்டின் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

சைல்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தது. கிட்டின் முகம் எப்படி வாடியிருக்கிறது என்று பார்க்க அதற்கு ஆசை. வெளியே பனியில் நடுங்கிக்கொண்டு நின்றது கிட்.

"பையன் இப்ப எப்படியிருக்கான்ணே?" என்று மட்டும் கேட்டது.

சைல்ட் வாசற்படியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

காய்ச்சல் இறங்கியது. ராபின் கண் திறந்து கஞ்சி கேட்டான். ஆக்னஸ் சிரித்தாள், உடனே கிட்டை அழைத்தாள். அது வாசற்படியை ஒரே தாவாகத் தாவி உள்ளே போனது. அதற்கு வழிவிட்டு ஒதுங்கிய சைல்ட், நேராக அகராதியிடம் போய்ப் பட்டையை அவிழ்த்துவிடச் சொன்னது.

எழுதியது எழுதியதுதான் என்று அகராதி மறுத்துவிட்டதாம். சைல்டின் பொறாமையால் வந்த வினை இது என்று கதையை அங்கே முடிக்கும்.

போன வாரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்: "முறையிட்ட சைல்டே வந்து அவிழ்க்கச் சொன்ன பிறகும் நீ ஏன் அவிழ்க்கவில்லை? உன்னை யாராவது, என்றைக்காவது, சிரித்துக்கொண்டே கூப்பிட்டதுண்டா?"