‘ரு’வின் வால்

கோமதிநாயகம் ஓர் எழுத்துரு செய்திருந்தார். பழைய வீடியோ கேம்களில் வருமே, சின்னச் சதுரங்களை அடுக்கி வைத்தது போலத் தடித்த எழுத்து, அந்த மாதிரி. பனியனில் அச்சடித்தார்கள். ஜூஸ் கடைக்காரர்கள் பலகையில் போட்டார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட வந்தது.

பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனை அதைக் கேட்டு வாங்கியது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, உள்ளே இருப்பவரின் நிலையை உறவினர்களுக்குச் சொல்லும் மின்பலகைக்காக.

அந்தச் சந்தோஷத்தோடு அவர் தமக்கு எழுத்துரு செய்யக் கற்றுத்தந்த குருவிடம் போனார். குரு மெஹருன்னிசா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“மேடம், இந்த எழுத்து இன்னும் எங்கெல்லாம் பொருந்தும்?”

மெஹருன்னிசா, பலகையை என்றைக்கு மாட்டுகிறார்கள் என்று கேட்டார். நாளைக் காலை என்றார் கோமதிநாயகம்.

“போய் அதுக்கு எதிரே உட்காருங்க.”

கோமதிநாயகத்துக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனாலும் மறுநாள் காலை போனார்.

பலகை ஒளிர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் செல்லக்கனி என்றொரு அம்மாள், கணவர் மூக்கையாவுக்காகக் காத்திருந்தார். பலகையில் வரி மாறியது.

‘மூக்கையா சிகிச்சையில் இருக்கிறார்.’

செல்லக்கனி எழுந்து நின்றார். உதடு அசைந்தது. சத்தமே இல்லாமல் அப்படியே தரையில் சரிந்தார்.

ஆட்கள் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தவர் கோமதிநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“இறக்கிறார்னு போட்டிருக்கே ஐயா. செத்துக்கிட்டிருக்கிற மனுசனைப் பலகையிலயா போடுவாங்க?”

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார். கட்டத்துக்குள் இடம் பற்றாமல், ‘ரு’வின் கீழ்வாலை நிமிர்த்தி வலப்பக்கம் ஒரு காலாக நிறுத்தியது அவர்தான். அது ‘ற’வாக நின்றது. அவர் கண்ணுக்கே ‘ற’வாகத்தான் தெரிந்தது.

நர்ஸ் உள்ளே போய் வந்து, மூக்கையா நன்றாக இருக்கிறார், தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். செல்லக்கனிக்கு அழுகை அதன் பிறகுதான் வந்தது. கோமதிநாயகம் பலகையை அணைக்கச் சொன்னார். அணையும்வரை அங்கேயே நின்றார்.

நேராகக் குருவின் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மெஹருன்னிசா கொடுத்த தேநீர் குடிக்காமலே அவர் கையில் ஆறிப்போனது.

“எத்தனை பேர் பாராட்டினாங்க மேடம். ஒருத்தர்கூட இதைச் சொல்லலையே.”

மெஹருன்னிசா தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

“அவங்க எல்லாரும் பார்த்தாங்க. அந்த அம்மாதான் படிச்சாங்க.”